நேரலையில் கொசு வளர்ப்பவர்

மின்விசிறியை நிறுத்துகிறார். சன்னலைச் சாத்துகிறார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைக்கிறார். மைக்குக்கு இந்த மூன்று சத்தமும் ஆகாது. திருநெல்வேலி டவுணில் ரதவீதிக்குப் பின்னால் ஒரு மாடியறையில், பங்குனி வெயிலில், இத்தனையும் செய்துவிட்டு முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் குமரகுருபரன்தான். காமிராவுக்குத் தெரியாமல் மடியில் ஒரு துண்டு. "ஆரம்பிப்பமா?" என்று மடிக்கணினியைப் பார்த்துக் கேட்கிறார். ஆறு கல்லூரிகளின் மாணவர்கள் கறுப்புக் கட்டங்களாக அடுக்கி இருக்கிறார்கள். ஒரு கட்டமும் வாய் திறப்பதில்லை. "சரி, எல்லாரும் வந்தாச்சு" என்று அவரே சொல்லிக்கொண்டு கொசுவைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்.

அவர் எங்கள் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர், நான் தமிழ்த்துறை. போன வருஷம் ஒரு கல்விக் கூட்டமைப்பிலிருந்து அறிவிப்பு வந்தது. எந்தப் பட்டப்படிப்பு மாணவரும் படிக்கக்கூடிய பொதுப்பாடம் ஒன்றை ஆசிரியர்கள் உருவாக்க வேண்டும். பல ஊர்க் கல்லூரிகளும் அதைப் பகிர்ந்துகொள்ளும். தேர்வாகும் ஆசிரியருக்கு நிதி, காமிரா, மைக், வழக்கமான வகுப்புகளில் கொஞ்சம் விலக்கு. ஒரே நிபந்தனை, பதிவுசெய்து போட்டுவிட்டு ஓடிப்போகக் கூடாது, நேரலையில் நடத்த வேண்டும். நானும் விண்ணப்பித்தேன். 'வெண்பா எழுதுவோம் வாரீர்' என்பது என் பாடம். அவருடையது 'கொசு'. வேறு சொல்லே இல்லை, தலைப்பே அவ்வளவுதான். கூட்டமைப்பு கொசுவைத் தேர்ந்தெடுத்தது. ஆகவே இந்தச் சித்திரத்தில் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் கலந்திருக்கும். வாசகர்கள் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பாடம் எளிமையானது. வணிகவியல் படிப்பவர், வரலாறு படிப்பவர், யாராக இருந்தாலும் வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரில் கொஞ்சம் முகர்ந்து ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் வைத்து, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, உள்ளே நெளியும் புழு கொசுவாகும் வரை பார்த்துவர வேண்டும். வகுப்பில் செல்போனை டம்ளருக்கு நேராக நிறுத்த வேண்டும். அவருடைய மனைவி சங்கரிக்கு இதில் மிகுந்த வருத்தம். "ஊர்ல உள்ளவன்லாம் கொசுவ அடிச்சு விரட்டுதான். இவுக காசு வாங்கி வளக்காக" என்று எனக்குக் காப்பி கொடுக்கும்போதெல்லாம் சொல்வார்.

காயல்பட்டினத்தில் ஆபிதா பீவி என்ற வணிகவியல் மாணவியின் டம்ளரை, கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வந்த அக்கா தரையில் கவிழ்த்துவிட்டார். "பாத்துப் பாத்து வளத்தேன் சார், ஒரு நொடில கொட்டிட்டாஹ" என்று அந்தப் பெண் நேரலையில் விம்மினாள். "அந்தக்கா செஞ்சதுதான் சரி தாயி. நீ துணி கட்டலைல்லா?" என்றார் இவர். பிறகு முழு வகுப்பும் காய்ச்சலைப் பற்றியே போயிற்று. கூட்டமைப்புக்கு அவர் கொடுத்திருந்த பாடத்திட்டத்தில் அன்றைக்கு இறக்கை அமைப்பு. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வம்பு வந்தது மூன்றாவது வகுப்பில். புழு இருக்கும் தண்ணீர் கொஞ்சம் ஆடினாலும் அவை அடியில் போய்விடும். ஆகவே டம்ளரை மெதுவாகத் தூக்க வேண்டும். மெதுவாக என்பதற்குத் திருநெல்வேலியில் 'பைய' என்போம். "எல்லாரும் பைய எடுங்க" என்றார். "அவசரப்படாதீய. பைய எடுத்து, பைய காமிரா முன்னால வைங்க."

தருமபுரியிலும் வேலூரிலும் கோவையிலும் பிள்ளைகள் சொன்ன சொல் தட்டாமல் எழுந்துபோய்ப் பையை எடுத்துவந்தார்கள். கல்லூரிப் பை, கட்டைப்பை, மஞ்சள்பை, சாப்பாட்டுப் பை. ஒரு பையன் சக்கரம் வைத்த பெட்டியையே உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். டம்ளரை எதிர்பார்த்துத் திரையைக் குனிந்து பார்த்தவர், "ஏ, என்ன இது? எல்லாரும் ஊருக்குப் பொறப்பட்டுட்டியளா?" என்றார்.

யாரோ அதைத் துண்டாக வெட்டி இணையத்தில் விட்டார்கள். நாங்கள் சிரித்தோம். கூட்டமைப்பு சிரிக்கவில்லை. பொதுப்பாடம் எல்லோருக்கும் புரியும் பொதுத்தமிழில் நடக்க வேண்டும், கடைசி வகுப்புக்கு மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார், மாணவர் பங்கேற்பு திருப்தியாக இருந்தால்தான் அடுத்த ஆண்டு பாடம் தொடரும் என்று மின்னஞ்சல் வந்தது.

அதைப் படித்த பிறகுதான் அவர் முகம் தொங்கியது. காரணம் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் விலங்கியலுக்கு ஆள் சேர்வது நின்றுவிட்டது. இந்தப் பாடமும் போனால் அவரைத் தேர்வு அலுவலகத்தில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் உட்காரவைத்துவிடுவார்கள். சம்பளம் வரும், மாணவர்கள் வரமாட்டார்கள். "பிள்ளையளே இல்லாம நான் என்னத்துக்கு வே காலைல சட்டையத் தேய்ச்சுப் போடணும்?" என்று கேட்டார்.

ஆக, அவருக்குப் பொதுத்தமிழ் பழக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவர் வாயிலிருந்து எங்கள் ஊர் 'வே' வரும்போதெல்லாம் நான் கனைக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் நாளே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. 'பைய'வை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மல்லுக்கு நின்றார். "மெதுவான்னா வேகம் கொறச்சல், அவ்ளதான். பையன்னா அதுல ஒரு பக்குவம் இருக்கு வே. தூங்குத பிள்ளைய மெதுவாவா கீழ போடுவீரு? பையத்தான போடுவீரு?" தமிழ்ப் பேராசிரியன் நான். இருபது வருஷமாகச் சொல்லாராய்ச்சி என்று சொல்லிப் பிழைக்கிறவன். கனைத்து வைத்தேன்.

மதிப்பீட்டு நாளன்று காமிராவுக்குத் தெரியாமல் அவருக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். "அன்பு மாணவச் செல்வங்களே" என்று தொடங்கினார். குரலே வேறு யாருடையதோ போலிருந்தது. திரை முழுக்க டம்ளர்கள். சென்னையிலிருந்து சேர்ந்திருந்த மதிப்பீட்டாளர் அம்மையார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பேராசிரியரே, மாணவர்கள் எங்கே? டம்ளர்கள்தானே தெரிகின்றன?" என்றார்.

"அவர்கள் டம்ளர்களுக்குப் பின்னால் இருக்கின்றார்கள்" என்றார் இவர், இலக்கணப் பிழை இல்லாமல். பிறகு, "செல்வங்களே, தங்கள் திருமுகங்களைக் காண்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றும் சொன்னார். இந்தத் திருமுகம் நான் சொல்லிக்கொடுத்ததல்ல. யாரும் அசையவில்லை. அவர் நெற்றியிலிருந்து வேர்வை சட்டைக் காலரில் இறங்கியது. எனக்கு வெண்பா, பொறாமை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. இந்த மனுஷன் தப்பித்தால் போதும் என்றிருந்தது.

அப்போது தருமபுரியிலிருந்து தேன்மொழி என்ற வரலாற்று மாணவி கத்தினாள். "சார், சார்! என்னுது கூடு பொளக்குது சார்! கொசு வெளிய வருது!"

"எங்கன? ஏ தாயி, செல்போனக் கிட்டக் கொண்டு போ! ஆட்டிராத! எல்லாரும் அங்கன பாருங்க வே!"

நான் கனைத்தேன்.

"நீரு சும்ம இரும் வே!" என்று என்மேல் பாய்ந்தார். அது ஆறு கல்லூரிகளுக்கும் சென்னைக்கும் கேட்டது.

தேன்மொழியின் டம்ளரைப் பார்க்க வேண்டுமானால் அவரவர் செல்போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும் அல்லவா? டம்ளர்கள் ஒவ்வொன்றாக மறைந்து முகங்கள் வந்தன. எண்ணெய் வழிந்த முகங்கள், பல் துலக்கியதா என்று சந்தேகப்படும்படியான முகங்கள். எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு, கழற்றிப்போட்ட தன் கூட்டின் மேலேயே நின்று காலை உதறும் ஒரு கொசுவைப் பார்த்தார்கள். தேன்மொழி துணியை ஏற்கெனவே அவிழ்த்துவிட்டிருந்தாள். இனி என்ன செய்வது?

"அடிச்சிராத அக்கா! நாமதான வளத்தோம்?" என்றாள் ஆபிதா பீவி.

"அடிச்சிடுங்க. வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்றது?" என்றான் வேலூர்ப் பையன்.

"ஆம்பளக் கொசுன்னா கடிக்காதுங்க. பாத்துட்டு அடிங்க" என்றது கோவை.

சண்டை பிடித்துக்கொண்டது. மதிப்பீட்டாளர் அம்மையாரும் குரலை உயர்த்தினார். "கொஞ்சம் பொறும்மா! முதல்ல அது ஆணா பொண்ணான்னு பாரு!" அவருடைய பொதுத்தமிழும் போயிற்று. இந்த அமளியில் கொசு தன் வழியில் பறந்துபோனது.

"பறக்க விட்டது சரியா சார்?" என்று அம்மையார் கேட்டார். "நீங்க சொல்லுங்க."

திரை அடங்கியது. குமரகுருபரன் வாயைத் திறந்தார். சன்னல் சாத்தி, விசிறி நிறுத்திய அறை அல்லவா? அவர் காதோரம் ஒன்று பாடிக்கொண்டு வந்தது. மூக்குக்கு நேரே அது வந்ததும் இரண்டு கைகளாலும் பட்டென்று அடித்தார்.

திரையில் இருந்தவர்களுக்குக் கொசு தெரியவில்லை. பேச வாயெடுத்த ஒருவர் நெகிழ்ந்துபோய்க் கைதட்டியது மட்டும் தெரிந்தது. தேன்மொழி தட்டினாள். ஆபிதா பீவி தட்டினாள். பிறகு ஆறு கல்லூரிகளும் தட்டின. சென்னை அம்மையாரும் தட்டிக்கொண்டே, "அடுத்த வருஷம் இன்னும் சில கல்லூரிகளைச் சேர்க்கச் சொல்லி எழுதுறேன் சார்" என்றார்.

அவர் கைகளை மேசைக்குக் கீழே இறக்கிப் பைய விரித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் ஒன்றுமில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கைகளைக் காமிராவுக்கு முன்னால் தூக்கி, எல்லோரோடும் சேர்ந்து தட்டத் தொடங்கினார்.