மாவு மில் கையும் சின்ன பெல்ட்டும்

முத்துசெல்வி சித்தி வீரகேரளம்புதூரில் மாவு மில் ஓட்டியவள். மில்லை மூடிய பிறகு மரக் கரண்டி செய்யப் பழகினாள். குற்றாலத்துக் கடைக்காரர் ஒருவர் அன்று சாயங்காலத்துக்குள் மாதிரி கேட்டிருந்தார். பிடித்தால் சீசன் முழுக்க அவளிடமே வாங்குவதாகப் பேச்சு.

கரண்டியைத் தேய்க்கும் கைமெஷினில் உப்புத்தாள் பெல்ட்டை மாட்டி, மில் பட்டையைப் போலவே, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் திருகாணியை முழுக்க இறுக்கினாள். ஓட்டியதும் பெல்ட் ஒட்டுப் போட்ட இடத்தில் கிழிந்தது. மிச்சம் ஒன்றுதான்.

“சித்தி, கொஞ்சம் லூசா வைங்க,” என்றேன்.

“நம்ம குடும்பத்து முத பட்டதாரி சொல்லுதாரு! லூசா வச்சா கழண்டு மூஞ்சிலதாம்லே அடிக்கும்.”

மிச்சமிருந்த பெல்ட்டை மாட்டி மறுபடியும் இறுக்கினாள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுற்ற முடியாமல் முக்கியது. சட்டென்று அணைத்தாள்.

“ஏலே, பட்டை ரொம்ப இறுகுனா மில் மோட்டாரும் இப்படித்தாம்லே முக்கும்!”

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். விரலால் அழுத்தினால் பெல்ட் லேசாக அமுங்கி எழும்பும் பதத்தில் நிறுத்தினாள். இந்தத் தடவை பெல்ட் நழுவவுமில்லை, மோட்டார் முக்கவுமில்லை.

சாயங்காலம் கடைக்காரர் கரண்டியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துச் சிரித்தார்.

“எத்தன தருவ தாயி?”

“முதல்ல பெல்ட் வாங்கிட்டு வாரேன் அண்ணாச்சி. அப்புறம் நீங்க போதும்னு சொல்லுத வரைக்கும் தாரேன்.”