‘க்’ வராமல் ஜமுனாமரத்தூர் வரை

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலைக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல. மலைமேல் ஆசிரியராக இருக்கும் என் நண்பர் தேவராஜ், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இருபது பேருக்கு இங்கிலீஷ் எப்படி உருவானது என்று நாற்பது நிமிடம் பேசச் சொல்லியிருந்தார். நான் மொழிபெயர்ப்பாளன். எழுதுவதில் பிரச்சினை இல்லை, வாய்தான் பிரச்சினை. சின்ன வயதிலிருந்தே திக்கும், அதிலும் ‘க’ வந்தால் அவ்வளவுதான். என் ஊரோ கண்ணமங்கலம். வேலூரிலிருந்து திரும்பும்போது அடுத்த ஊரான சந்தவாசலுக்கு டிக்கெட் வாங்கி நடுவில் இறங்கிக்கொள்கிறவன் நான்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பி போளூர் போய், எட்டரை மணிக்கு ஜமுனாமரத்தூர் பஸ் பிடித்தேன். சுமார் நாற்பது கிலோமீட்டர். அத்திமூர் தாண்டியதும் மலைப்பாதை தொடங்கிவிடும். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. பேச வேண்டியதை முணுமுணுத்தபடி வந்தேன். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கில், சாக்சன் என்னும் கூட்டங்கள் பிரிட்டனுக்குப் போன கதை அது. ‘கடல் தாண்டி’ என்பதைச் ‘சமுத்திரம் தாண்டி’ என்று மாற்றியிருந்தேன். பிறகு பிரெஞ்சு பேசும் நார்மன்கள் வந்தார்கள். அந்த இடத்தில் ‘கிங்’கை ‘ராஜா’ ஆக்கியிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு ‘க’ ஞாபகத்துக்கு வர, கண்ணை மூடி வேறு சொல் தேடினேன். என் முகத்தைப் பார்த்த கண்டக்டர், “வாந்தி வர்ற மாதிரி இருந்தா முன்னாடி வந்து குந்துங்க சார்” என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

பத்தே முக்காலுக்கு மலைமேல் போய்ச் சேர்ந்தோம். நல்ல குளிர். பதினொன்றரைக்கு ஆரம்பித்த பேச்சு இருபது நிமிடம் தடங்கலில்லாமல் போனது. அப்போது முன்வரிசையில் இருந்த செல்வி டீச்சர் கையைத் தூக்கினார்.

“நைஃப்னு சொல்றோம், எழுதும்போது முன்னாடி ஒரு கே போடறோம். அது இன்னாத்துக்கு சார்? பசங்க கேக்குதுங்க.”

பதில் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த எழுத்து ஒரு காலத்தில் வாயில் ஒலித்தது. நாக்கு அதைக் கைவிட்ட பிறகும் எழுத்து அப்படியே நின்றுவிட்டது. அதைச் சொல்லிக்காட்ட வாயைத் திறந்தேன். “க்... க்... க்... க்னைஃப்.”

யாரும் சிரிக்கவில்லை. இருபது பேரும் பயபக்தியோடு, “க்... க்... க்... க்னைஃப்” என்று திருப்பிச் சொன்னார்கள். அதுதான் பழைய உச்சரிப்பு என்று நினைத்துவிட்டார்கள். “நாலு தபா வரணுமா சார்?” என்று கேட்டு, செல்வி டீச்சர் எழுதிக்கொள்ளவும் தயாரானார்.

தலையாட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை மலை முழுக்கப் பிள்ளைகள் நாலு தடவை ‘க்’ சொல்வார்கள் என்பது என் கண்முன் வந்தது.

“ஒரு தடவைதாங்க. மீதி மூணும் இங்கிலீஷோடது இல்ல, என்னோடது. எனக்குத் திக்கும்” என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் அதைச் சொன்னேன்.

தேவராஜ் தரையைப் பார்த்தார். செல்வி டீச்சர் பேனாவை மூடினார். “சரிங்க சார். நீங்க மெதுவா சொல்லுங்க. எங்க பஸ்ஸு நாலரைக்குத்தான்.”

அதன்பிறகு நான் எந்தச் சொல்லையும் மாற்றவில்லை. ‘நீ’ என்னும் முழங்காலுக்கும், ‘நோ’ என்னும் அறிதலுக்கும் முன்னால் நிற்கும் ‘கே’யைப் பற்றிச் சொன்னேன். கிங், கடல், கப்பல், எல்லாம் வந்தன. திக்கித் திக்கித்தான் வந்தன. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

மலைக்குப் போகிறவர்களுக்கு: போளூரிலேயே சாப்பிட்டுவிடுங்கள், ஆனால் வயிறு முட்ட வேண்டாம், வளைவுகள் அதிகம். ஆடியில் ஸ்வெட்டர் அவசியம். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியதுமே விசாரித்துக்கொள்ளுங்கள். என்னைப் போல யாராவது அங்கே பேசப் போனால், கொடுத்த நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாற்பது நிமிடப் பேச்சுக்கு எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஒருவரும் எழுந்து போகவில்லை.