கடலுக்குள் ஒரு வளவு

நானும் அவளும் ரொறொன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்கிறோம். உலர்த்தியிலிருந்து கட்டில் விரிப்புகள் சூடாக வந்து விழும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, கிட்ட வந்து, விலகி, மறுபடி கிட்ட வந்து மடிப்போம். அந்தச் சூட்டிலும் சோப்பு வாசத்திலும் கண் பாதி சொருகிவிடும். கதையெல்லாம் அந்த அரை மயக்கத்தில்தான் நடக்கும்.

அவள் சுமாத்திராவின் வடமுனையில், ஆச்சே என்ற பகுதியில், கடலோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம் மட்டும். அவள் சொன்னதெல்லாம் எனக்குள் தமிழில்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர் என்று சொன்ன அன்று, அவள் மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"அந்த அலை எங்களிட்டை வந்திட்டுத்தான் உங்களிட்டை வந்தது" என்றாள்.

அதன் பிறகு நாங்கள் சிநேகிதிகள்.

அவளுடைய ஊரிலும் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணத்தின்போது தாய் தகப்பன் மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பான். எங்கள் சீதன வீடு மாதிரி என்று நான் சொன்னேன். அவர்கள் பாஷையில் மனைவியைக் குறிக்கும் சொல்லுக்கே வீட்டுக்காரி என்றுதான் அர்த்தமாம். ஆண்கள் தொழில் தேடிப் பயணம் போகிறவர்கள். பெண்கள் நிலத்தோடு இருப்பவர்கள். ஆனால் அங்கே சண்டை நடந்த காலத்தில் அவளுடைய கணவர் அகதியாகக் கனடா வந்து, பிறகு அவளையும் கூப்பிட்டுக்கொண்டார். அவள் இங்கே வந்த பின்னர்தான் அந்தச் சுனாமி அலை வந்தது. கடற்கரையில் தூண்களின் மேல் நின்ற அவளுடைய மரவீடும், அதைக் காத்துக்கொண்டு அங்கே இருந்த தாய் தகப்பனும் போய்விட்டார்கள். அவள் பிறகு ஊர்ப்பக்கம் போகவேயில்லை. பிள்ளைகள் இல்லை. சில வருடங்களுக்கு முன் கணவரும் இறந்துபோனார்.

போன வருடம் அவளுடைய தங்கை அழைத்தாள். தன் மகளுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது, அக்கா ஒருதரம் வரவேண்டும் என்றாள். அலைக்குப் பிறகு தங்கை குடும்பம் கடலிலிருந்து தள்ளி, அவர்களுக்கிருந்த உட்காணியில் ஒரு சிறிய கல்வீட்டில் குடியிருந்தது. அந்தக் காணியும் மூத்தவளான இவளுக்கே எழுதப்பட்டது. மகளுக்கு வீடு கொடுக்க வேண்டுமானால் இவள் வாயைத் திறக்க வேண்டும். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். ஊர்ச் சனத்துக்கு முன்னால், நிலத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டுமாம்.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வருகிறாயா என்று கேட்டாள். வீட்டில் சொன்னேன். என் கணவர் மீன் கழுவிக்கொண்டு நின்றவர், திரும்பிப் பார்க்காமலே, "ஓம், நீர் போயிட்டு வாரும். சமையலை நான் பாக்கிறன்" என்றார்.

விமானங்கள் மாறி இறங்கியபோது எது காலை, எது மாலை என்று உடம்புக்குத் தெரியவில்லை. ஒரு வாடகை வான் வண்டியில் மேற்குக் கரையோரமாக நெடுந்தூரம் போனோம். சவுக்கு மரங்களுக்குள்ளால் கடல் வந்து வந்து மறைந்தது. மாடுகள் தார் ரோட்டின் நடுவில் படுத்திருந்தன, சாரதி ஹோன் அடிக்காமல் சுற்றிப் போனான். மலையேறும் இடத்தில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்தன. நான் தூங்கி விழிக்கும் ஒவ்வொரு முறையும் அதே கடல், அதே தென்னை. வான் நகரவில்லை, கரைதான் எங்களைக் கடந்து போகிறது என்று தோன்றியது. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி வந்தாள்.

தங்கை வாசலில் நின்றாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தங்கை அக்காவின் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள், துணி நல்லதா என்று பார்ப்பதுபோல. அவ்வளவுதான்.

முன்னறை கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. புதுப் பாய் விரித்திருந்தார்கள். தங்கையின் உடுப்புகள், சட்டிபானைகள் எல்லாம் பின்னால் குசினிக்குப் போய்விட்டிருந்தன. சாப்பிட உட்கார்ந்ததும் தங்கை வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து அக்காவின் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். வீட்டைக் கேட்கத்தான் அழைத்தாள், ஆனால் அக்கா புறப்பட்டதும், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, தன் வீட்டுக்கே திரும்பி வருகிறாள் என்று தங்கை முடிவு கட்டியிருந்தாள். மகளின் கல்யாணம் தள்ளிப்போனாலும் சரி என்று மனதைத் தேற்றியிருந்தாள். அந்தப் பெண் கதவோரம் நின்று சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் சிநேகிதி சாவியைத் தொடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

பேச்சை மாற்ற, கோப்பையிலிருந்த கீரைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். தங்கை "மூரோங்" என்றாள். நான் முருங்கை என்றேன். அவள் மறுபடி மூரோங் என்றாள், நான் மறுபடி முருங்கை என்றேன். கதவோரம் நின்ற பெண் சிரித்துவிட்டாள். தங்கையும் மெல்லச் சிரித்தாள். அன்றிரவு படுக்கும்போது சாவி என் சிநேகிதியின் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் காலை மூவரும் கடற்கரைக்குப் போனோம். அலைக்குப் பின் அங்கே நிலமே கீழிறங்கிவிட்டது, கடல் ஏறி வந்தது, திரும்பிப் போகவில்லை. வெள்ளையும் சாம்பலுமான வெளிச்சம். தண்ணீருக்குள் சில தென்னை அடிக்கட்டைகள் கறுப்பாக நின்றன. தங்கை பழைய வளவைக் கையை நீட்டிக் காட்டினாள். அந்தக் கட்டையிலிருந்து இந்தக் கட்டைவரை வேலி. அதோ அந்தப் பச்சைத் தண்ணீர் இருக்கும் இடம் வீடு. அதற்கப்பால் கிணறு. அவள் காட்டக் காட்ட எனக்கும் கூரை தெரிவதுபோல இருந்தது. தண்ணீர் அதன்மேல் மெதுவாக ஏறி இறங்கியது.

ஒரு சிறு வள்ளத்தில் நண்டுக் கூடு இழுத்துக்கொண்டிருந்த மனிதர் எங்களைக் கண்டு கரைக்கு வந்தார். அவர்கள் தாய் தகப்பனின் பக்கத்து வளவுக்காரர். இவளை அடையாளம் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு நிறையப் பேசினார். அவள் பிறகு எனக்குச் சொன்னாள்: உன்னுடைய வளவுக்குள் பல காலமாகக் கூடு போடுகிறேன், கேட்க ஆள் இருக்கவில்லை, இன்று கேட்கிறேன், போடலாமா என்றாராம்.

அவள் போடச் சொன்னாள். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த மனிதர் வள்ளத்தின் கயிற்றைப் பிடித்தபடி, அவர்கள் அழுது முடியும்வரை நின்றார்.

அன்று பின்னேரம் பள்ளிவாசலுக்குப் பக்கத்து மரத்தளத்தில் ஊர் கூடியது. நான் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்களோடு ஓரமாக உட்கார்ந்தேன். கிராமத் தலைவர் கேட்க, அவள் கல்வீட்டையும் உட்காணியையும் தங்கையின் மகளுக்குக் கொடுத்தாள். மடியிலிருந்து சாவியை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள். தங்கை நிமிர்ந்து பார்க்கவில்லை. பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் கடலைக் கைகாட்டி இன்னொன்று கேட்டார். கடலுக்குள் இருப்பதை என்ன செய்யப் போகிறாய்?

யாரும் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நானும் சிரிக்கவில்லை.

அவள் சொன்னதைத் திரும்பி வரும் வழியில் வானுக்குள் எனக்குச் சொன்னாள்.

"அது என்ரை. அதை ஒருத்தருக்கும் குடுக்கேலாது எண்டு சொன்னன். அம்மாவும் அப்பாவும் அங்கைதானே இருக்கினம்."

சாவியை ஏன் முதல் நாளே திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவள் வெளியே பார்த்தாள்.

"ஒரு இரவு எண்டாலும் வீட்டுக்காரியா நித்திரை கொள்ள ஆசையா இருந்தது."

ரொறொன்ரோவில் பனி முடிந்து சேறாகியிருந்த ஒரு விடியலில் கல்யாணம் நடந்தது. அங்கே அது பின்னேரம். அவளுக்கு மறுபடி லீவு கிடைக்கவில்லை. போனைச் சோப்புப் பெட்டியின்மேல் சாய்த்து வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்கினோம். மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளங்களோடு ஊர்வலமாக வந்தார்கள். படம் நின்று நின்று ஓடியது. எங்கள் மேற்பார்வையாளர் வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு உலர்த்தியை நிறுத்தினார், சத்தத்தில் பாட்டுக் கேட்கவில்லை என்று.

மாப்பிள்ளை தோளில் ஒரு பையோடு படியில் நின்றான். உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல ஏறிட்டுப் பார்த்தான். அந்தப் பெண் கதவை நன்றாகத் திறந்துவிட்டாள்.