அறிவிப்பு அக்காவின் ஆல்பம்

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவளுடையது. குரலை ஊருக்கே தெரியும், முகத்தைத்தான் யாருக்கும் தெரியாது. காய்கறிக் கடையில் அவள் வாய் திறந்து விலை கேட்டால், பக்கத்தில் நிற்பவர்கள் தங்களையறியாமல் பையைத் தூக்கிக்கொள்வார்கள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அறிவிப்பு அக்கா. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் அவள் கணவரோ, சாப்பிடக் கூப்பிட்டால், "எத்தனாவது நடைமேடைன்னு சொல்லு, வர்றேன்" என்பார்.

ஒரு மதியம் அவளுடைய கண்ணாடி அறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் குண்டு, இன்னொருவர் குச்சி. எங்கேயோ பார்த்த முகங்களாக இருந்தன. பிறகுதான் பிடிபட்டது: மகள் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் பாட்டுக் குழுவின் படத்தில், பாடகருக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பவர்கள். குண்டர் கீபோர்டு, குச்சி டிரம்ஸ்.

"பாடறவரு கொஞ்ச நாள் ஓய்வுல இருக்காரு அக்கா. அதுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் தனியா ஒரு ஆல்பம் பண்றோம். பாட்டே கிடையாது. உங்க குரல் வேணும்" என்றார் குண்டர்.

"பாட்டு இல்லாம என்ன ஆல்பம், தம்பி?"

"அது எங்களுக்கே சரியாத் தெரியல. பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்."

தெரியாது என்று நேராகச் சொன்னது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. என்னதான் செய்கிறார்கள் பார்ப்போமே என்று விடுமுறை நாளில் போனாள்.

செருப்புக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தியிருந்தார்கள். மைக் முன்னால் உட்கார வைத்து, "ஏதாவது பேசுங்க" என்றார்கள். கையில் தாள் இல்லாமல் மைக்கில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"காலைல எழுந்து என்ன பண்ணுவீங்க?" என்று குச்சி எடுத்துக் கொடுத்தார்.

அவ்வளவுதான், மடை திறந்தது. ஒழுகும் சமையலறைக் குழாய், அதை நாளைக்குச் சரிசெய்கிறேன் என்று வருஷக்கணக்காகச் சொல்லும் கணவர், ஒரு கல்யாண வீட்டில் வாய்த்தகராறாகி அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்ட தங்கை, எல்லாம் வந்தது. வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. தங்கை விஷயத்தையெல்லாம் எதற்குக் கொட்டினோம்?

அதிலிருந்து அது ஊர் முழுக்கக் கேட்டுவிடுமோ என்று பயம். கூடவே ஆவலும் அரித்தது. "வந்துடுச்சாடி?" என்று மகளைக் கேட்காத நாளில்லை.

ஒரு வழியாக ஆல்பம் வெளியானது. அவளும் கணவரும் மகளும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். நீளமாகக் காற்று மாதிரி ஏதோ இழைந்தது. டிரம்ஸ் தூறல் மாதிரி விழுந்தது, நின்றது. கடைசிவரை அவள் குரல் வரவே இல்லை.

"வெட்டித் தூக்கிட்டாங்க போல" என்றார் கணவர். அவள் முகம் சுண்டிப்போயிற்று. பயந்தது நடக்கவில்லை என்று நிம்மதிப்படக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மகள் மட்டும் ஒரு இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். "அம்மா, இது நீதான். என்னைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பியே, அது."

மறுபடி கேட்டார்கள். காற்று என்று நினைத்ததெல்லாம் மூச்சு. ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அதற்கு ஏற்றபடி டிரம்ஸ் தட்டியிருந்தார்கள்.

"மூச்சு விடறதுக்கா உன்னைக் கூப்பிட்டாங்க?" என்று கணவர் சிரித்தார். ஆனால் இன்னொரு தடவை போடச் சொன்னதும் அவர்தான்.

குழுவின் ரசிகர்களுக்கு ஆல்பம் ஒட்டவில்லை. ஆட முடியவில்லை என்று மகளின் தோழிகளே குறைபட்டார்கள். அவளுக்கோ காரணத்தைக் கேட்காமல் தீராது. நேரே செருப்புக் கடை மாடிக்கு ஏறினாள்.

"பேசினதெல்லாம் எங்க தம்பி போச்சு?"

"அழிச்சிட்டோம் அக்கா. அது உங்க வீட்டு விஷயம், ஊருக்கு எதுக்கு? ஆனா ஒவ்வொண்ணும் சொல்றதுக்கு முன்னாடி நீங்க எடுத்த மூச்சு வேற வேற மாதிரி இருந்துச்சு. அதை விட மனசு வரல" என்றார் குண்டர். கொஞ்சம் தயங்கி, "உங்க தங்கச்சியைப் பத்திப் பேசும்போதுதான் ரொம்ப நீளம்" என்றார்.

"அதைக் காட்டுங்க."

மூச்சுகளைக் கட்டைக்கு ஒன்றாகப் பதிந்து வைத்திருந்த கீபோர்டில் அவர் ஒரு கட்டையை அழுத்தினார். நீண்ட மூச்சு ஒன்று எழுந்து, முடிகிற இடத்தில் லேசாகத் தடுக்கியது. அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானே ஒருமுறை அழுத்தினாள். தங்கையின் மேல் இருப்பது கோபம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். கோபமாகத் தெரியவில்லையே இது.

பக்கத்துக் கட்டையைத் தொட்டாள். "இது?"

"ஒழுகற குழாய்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனாள். கறுப்புக் கட்டைகளுக்கு வந்தபோது சத்தமே இல்லை.

"இதுல எதுவும் கேக்கலையே."

"அதுல இன்னும் ஒண்ணும் வைக்கல அக்கா."

"அப்ப மைக்கைப் போடுங்க, தம்பி" என்றாள் அவள்.