தம்பியின் போன் கொடுத்த அனுமதி

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். பதினெட்டு வருடமாக ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில்லில் வேலை, எத்தனையோ நாள் ஷிப்ட் முடித்துத் தன்னந்தனியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறியிருக்கிறேன், எதற்கும் பயந்ததில்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டாவது கேளுங்கள்.

என் தம்பி முருகேசன் பட்டாளத்தில் இருந்தான், மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய முகநூல் கணக்கை ஒரு லீவில் வந்தபோது அவனே என் போனிலும் திறந்து வைத்து, பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் பேசுகிற வீடியோக்கள் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் அவன் குரல் கிடையாது.

ஆடிப்பூரம் முடிந்த வாரம் அந்தக் கணக்குக்கு ஒரு செய்தி வந்தது. தேர் வடம் இழுக்கிற போட்டோவில் நீங்கள் இருக்கிறீர்கள், பாருங்கள் என்று ஒரு லிங்க். எங்கள் ஊரில் வடத்தைத் தொடாதவர் யார்? ஏதோ பழைய போட்டோ, தம்பி இருப்பான் என்று புத்தி கெட்டுப்போய்த் தட்டினேன். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். மறுநாள் என் போனில் கணக்கு திறக்கவில்லை. கூட வேலை செய்கிறவள் போனில் தேடிப் பார்த்தால் பெயரும் படமும் மாறிக் கிடந்தன, வீடியோக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. முகம் தெரியாத எவனோ என் தம்பியை இரண்டாவது தடவை சாகடிக்கிறான், விடுவேனா?

அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, தம்பியின் பழைய போனையும் பையில் போட்டுக்கொண்டு, கூடப் படித்த கஸ்தூரியின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அந்தப் போனில் சிம் செத்து வருடமாகிறது, பேட்டரி உப்பிப்போய்க் கடைக்காரர் கழற்றி எறிந்துவிட்டார். அதைப் பார்த்து ஏதாவது விவரம் கிடைக்காதா என்ற நப்பாசைதான்.

கணக்கு களவு போனதாகக் கஸ்தூரி புகார் போட்டாள், பழைய பாஸ்வேர்டைக் கொடுத்தாள். முன்பு இந்தக் கணக்கு இருந்த போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறோம், அதில் அனுமதி கொடுங்கள் என்று திரையில் வந்தது. கீழே தம்பி போனின் பெயர்.

"ஏட்டி, அந்தப் போனு எங்க?" என்றாள்.

எடுத்து மேசையில் வைத்தேன். பின்பக்கம் வெறும் குழி.

"இதுல எப்படிட்டி வரும்? விட்டுரு."

"விட மாட்டேன். வேற வழி இருந்தா பாரு, எம்புட்டு நேரம் ஆனாலும் இங்கனயே உக்காந்திருக்கேன்."

அவள் மவுஸில் கை வைக்கப் போனாள், அதற்குள் திரை தானாக மாறியது. அனுமதி கிடைத்துவிட்டது, புது பாஸ்வேர்ட் போடுங்கள் என்றது. நம்பினால் நம்புங்கள், நாங்கள் இரண்டு பேரும் எதையும் தொடவில்லை.

பிறகு மளமளவென்று வேலையை முடித்தோம். களவாணியின் போனைக் கணக்கிலிருந்து வெளியேற்றினோம், அழித்த வீடியோக்களை அந்தக் கணக்கின் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டோம், பாஸ்வேர்டோடு இன்னொரு பூட்டாக இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் போட்டோம். அன்றிலிருந்து நாங்கள் குடியிருக்கிற மடவார் வளாகத்தில் வீடு வீடாகப் போய், வந்த லிங்கையெல்லாம் தட்டாதீர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைக்காதீர்கள் என்று உயிரை வாங்குகிறேன். உபயோகத்தில் இல்லாத போன்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் சொல்கிறேன். கஸ்தூரி எனக்கும் அதைத்தான் சொன்னாள். தம்பியின் போனை மட்டும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

போன மாதம் வேலை முடிந்து, மில் லாக்கரில் இருந்த என் போனை எடுத்தால் முகநூலிலிருந்து ஒரு மின்னஞ்சல் கிடந்தது. மதியம் எவனோ கணக்குக்குள் நுழையப் பார்த்தானாம். உங்கள் இன்னொரு போனில் "இது நான் இல்லை" என்று அழுத்தியதால் தடுத்துவிட்டோம் என்று எழுதி, அந்தப் போனின் பெயரையும் போட்டிருந்தது. தம்பியின் போன்தான். அது என் வீட்டு பீரோவுக்குள், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. பீரோ சாவி அன்று முழுக்க என் இடுப்பில்தான் இருந்தது.