பூட்டு சார்

கிடங்கு வாசலில் லாரி உறுமிக்கொண்டு நிற்கும். டிரைவர் இறங்கி வந்து, ரசீது கேட்டு என் ஜன்னலைத் தட்டுவான். அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் திரை சொல்லும், உன் பாஸ்வேர்டு காலாவதி ஆகிவிட்டது என்று. காலாவதி ஆக அதென்ன இருமல் மருந்தா? அந்தக் கம்பெனியை விட்டு வந்த பிறகும் இந்தக் கடுப்பு எனக்கு ஆறவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒன்றை மனப்பாடம் செய்வேன், அது விரலில் படிவதற்குள் அடுத்ததைக் கேட்கும். பழையதைத் திருப்பிப் போட்டால் வாங்காது. அதன் வாலில் ஓர் எண்ணை ஒட்டிப் போட்டாலும் வாங்காது.

இதற்கெல்லாம் காரணம், மாடியில் ஏசி அறையில் உட்கார்ந்து, எல்லோர் கணக்கும் அடங்கிய சர்வர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். கிடங்கில் எல்லோரும் அவரைப் பூட்டு சார் என்போம், அவர் காதுபடவே. கோடையிலும் ஸ்வெட்டர், காதை மூடிய குல்லா. குளிர் மெஷினுக்கு, சளி இவருக்கு. மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் பேசுவார். டீயை மேலே கொண்டுபோக மாட்டார். படிக்கட்டில் நின்றபடியே குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

திட்டிக்கொண்டே அவரிடம் போவேன். "பல் தேய்க்கிற பிரஷ்ஷ மாத்துறீங்கல்ல அண்ணே, அது மாதிரிதான்" என்பார். அதையும் மாற்றுவதில்லை என்று சொன்னால் சிரிக்க மாட்டார். என் கணக்கைத் திறந்துவிட்டு நாற்காலியைத் தருவார். நான் ஒற்றை விரலால் கோழி கொத்துவது போலத் தட்டி முடிக்கும் வரை, சுவர் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். நினைத்தால் யார் கணக்கையும் மாற்றக்கூடியவர், எதற்கு இந்தக் கூச்சம் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உங்களுது உங்களுக்கு மட்டும்தான் தெரியணும். பொண்டாட்டி கேட்டாலும் சொல்லாதீங்க."

அதை வைத்து அவள் அடுப்பா பற்றவைக்கப் போகிறாள்?

முதலாளியே ஒருமுறை தனக்கு மட்டும் இந்தக் கெடு வேண்டாம் என்று ஆள் விட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. பூட்டு சார் தன் கணக்குக்கும் அதே கெடுதான் வைத்திருந்தார். தப்புத் தப்பாகத் தட்டினால் பூட்டிக்கொள்ளும், அவருக்கும்தான்.

ஒரு மழைக்காலத்தில், எல்லோரும் ஒரேயடியாகப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று திரையில் வந்தது. முனகிக்கொண்டே மாற்றினோம். அடுத்த வாரம் அதே உத்தரவு மறுபடியும் வந்தது. லாரிகள் தெருமுனை வரை நின்றன. மேனேஜர் மாடியில் கத்தியது கீழே கேட்டது. பாதுகாப்புக்குத்தான் என்று இவர் சொன்னாராம். எல்லோரும் நம்பினார்கள். திட்டு வாங்கிக்கொண்டு இறங்கி வந்தவர் என்னிடம் நின்றார்.

"போன வாரமும் பண்ணேனா அண்ணே?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். கழுவிக் கவிழ்த்த தம்ளரையே எடுத்து மறுபடி கழுவுவார். டீ குடித்தாயிற்றா என்று டீக்காரரிடமே விசாரிப்பார். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்து ஸ்வெட்டர் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். அவர் மகள் அப்போது நர்ஸ் படிப்பில் பாதியில் இருந்தாள். அவள் முடிக்கும் வரை ஓட்டிவிட்டால் போதும் என்றார். இந்த மறதி வெளியே தெரிந்தால் அன்றைக்கே சர்வர் அறைச் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்க வேண்டியதுதான், அதுதான் நியாயம். எனக்கும் தெரியும். மேனேஜரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் போன் செய்து மேலே வரச் சொன்னார். திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். டிபன் டப்பா திறக்காமலே கிடந்தது.

"உள்ளதான் இருக்கேன் அண்ணே. வெளிய வந்துட்டா திரும்பப் போக முடியாது. என்ன பாஸ்வேர்டு போட்டேன்னே ஞாபகம் இல்ல."

உள்ளே இருக்கும்போதே, பழையது தெரியாவிட்டாலும் புதிதாக ஒன்று போட்டுவிடலாமாம். போட்டாலும் அது நாளைக்குத் தன்னிடம் இருக்காது என்றார். எழுதி வைத்தால் என்ன என்றேன். அடி விழுந்தது போலப் பார்த்தார். சீட்டில் எழுதித் திரையில் ஒட்டியதற்காக என்னையே அவர் காய்ச்சி எடுத்திருக்கிறார்.

"எழுதினா யார் வேணா எடுப்பாங்க. உங்க தலைக்குள்ள எவனும் கை விட முடியாதுல்ல" என்றவர், எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே ஒண்ணு போடுங்க அண்ணே. காலைல வந்து கேப்பேன், அப்ப சொல்லுங்க."

உட்கார்ந்தேன். எதைப் போடுவது என்று யோசித்து, விரலை நீட்டினேன். அவர் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பி நின்றார்.