சின்னையா தனியே எடுத்து வைத்த கிணறு

ரிசர்ச் அசிஸ்டன்ட் என்று ஒரு வேலை இருப்பது, அதில் சேருகிற நாள் வரை எனக்குத் தெரியாது. சேர்ந்த பிறகும் கொஞ்ச நாள் தெரியவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். மெட்ராஸிலிருந்து ஒரு புரொபசர் புதுக்கோட்டைக்கு வந்திருந்தார். மனுஷன் யோசிக்கிற விதம், பேசுகிற மொழி, வளர்ந்த பழக்கவழக்கம், நாலு பேரிடம் நடந்துகொள்கிற முறை, இவையெல்லாம் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து இழுக்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. இன்டர்வியூவில் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான். “கிராமத்து ஜனங்க மாதிரிப் பேச வருமா?” எனக்கு வேறு மாதிரிப் பேச வராது. அந்தக் குறையே தகுதியாகி வேலை கிடைத்துவிட்டது.

டீக்கடை விசாரணை

ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு கடலைக் காட்டு ஊர். விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தை எங்களுக்குத் திறந்து விட்டிருந்தார்கள். முதல் நாள் காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

“சார் எந்த டிபார்ட்மெண்டு?”

“யுனிவர்சிட்டிங்க.”

“அது சாராயம் பிடிக்கிறதா, நெலம் அளக்கிறதா?”

“ரெண்டும் இல்லீங்க. நீங்கள்லாம் எப்படி யோசிக்கிறீங்கன்னு பார்க்க வந்திருக்கோம்.”

கடையில் டீ ஆற்றுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. சாராயத்தை ஒளித்து வைக்கலாம், நிலத்தைக்கூட மச்சான் பேருக்கு மாற்றலாம். யோசனையைப் பார்க்கவே ஒருத்தன் வந்துவிட்டால் என்ன செய்வது? நான் எழுந்து போன பிறகு, நான் குடித்த கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு நிலம்தான் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. கூட்டாக இருந்த அண்ணன் தம்பிகளில் யார் முந்திக்கொண்டு தனியாக எழுதி வாங்குகிறான் என்று வீட்டுக்கு வீடு ஒரு கண் திறந்தபடிதான் தூங்கினார்கள்.

ஜன்னலில் ஒரு முகம்

டெஸ்ட் இதுதான். நாலு படக் கார்டுகளை மேஜையில் பரப்புவோம். உழவு மாடு, வயல், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைச் சால், கிணறு. “இதுல மத்ததோட சேராத ஒண்ணை எடுத்துத் தனியா வைங்க” என்போம். சரியான விடை மாடு. அதற்கு மட்டும்தான் உயிர் உண்டு என்று புரொபசரின் ஸ்கோரிங் கீ, அதாவது விடைப் பட்டியல், சொன்னது.

புரொபசர் மூன்று கட்டளை போட்டிருந்தார். ஆளைத் தனியாகக் கூப்பிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டதையும் சொன்னதையும் யாரிடமும் வெளியிடக் கூடாது என்று வாக்கு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆள் விடையோடு வந்துவிடுவான்.

முதலில் வந்தவர் சின்னையா. நல்ல மனுஷர். படங்களை ரொம்ப நேரம் பார்த்தார். கிணற்றை எடுத்துத் தன் பக்கமாக வைத்துக்கொண்டார். நான் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். வாக்குக் கேட்டேன். “சொல்ல மாட்டேங்க. சொன்னா சொன்னதுதான்” என்றார்.

அந்த நேரம் பார்த்து, ஆட்டைத் தேடி வந்த அழகாயி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். அழகாயி வேறு யாருமில்லை, சின்னையாவின் அண்ணன் பெரியையாவின் மனைவி. அவர் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: ஆபீஸர் முன்னால் கொழுந்தன் கிணற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதும், ஆபீஸர் குறித்துக்கொண்டதும்.

அவர்களுக்கு இருந்த ஒரே கிணறு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. மறுநாள் விடியும்போது பெரியையா சாலை இழுக்கிற கமலை வடத்தை அவிழ்த்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சின்னையாவின் கடலை காய் பிடிக்கிற பருவம். தண்ணீர் இல்லையென்றால் அந்த வருஷம் கொடியைப் பிடுங்கி மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

“உள்ளுக்குள்ள என்னடா எழுதிக் குடுத்த?” என்று அண்ணன் கேட்கிறார். தம்பி வாயே திறக்கவில்லை. என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாரே! பேசாமல் நிற்க நிற்கச் சந்தேகம் முற்றிக்கொண்டே போனது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மற்ற மூன்றும் கிடக்கும்போது கிணற்றின் மேல் ஏன் கை போனது?

புரொபசரிடம் போய்ச் சொன்னேன். “டெஸ்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. டேட்டா கெட்டுடும்” என்றார். கடலை கெட்டுப்போவது அவருடைய கீயில் இல்லை.

கிணற்றடி

மூன்றாம் நாளும் வடம் வெளியே வரவில்லை. சின்னையாவின் கடலைக் கொல்லையில் இலைகள் மடங்கித் தொங்கின. நான் கார்டுகளைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நடுவில் பாதி ஊர்.

“இந்தா வந்துட்டாருல்ல எழுதுனவரு!” என்றார் அழகாயி.

நான் நாலு கார்டையும் துவைக்கல்லின் மேல் பரப்பினேன். “இவ்வளவுதாங்க கேட்டோம். சின்னையாண்ணே, ஏன் கிணத்தை எடுத்தீங்க? சொல்லுங்க.”

“சொல்லலாமாங்க சார்? வாக்குக் குடுத்திருக்கேனே?”

“குடுத்த வாக்கைத் திருப்பித் தந்துட்டேன். சொல்லுங்க.”

சின்னையா என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

“நாளைக்கே நீயும் நானும் பிரியிறோம்னு வையி. மாட்டை ஆளுக்கு ஒண்ணாப் பிடிச்சுக்கலாம். வயலுக்கு நடுவுல வரப்புப் போட்டுக்கலாம். சாலு ஒண்ணு புதுசாத் தச்சுக்கலாம். கிணத்தை என்னண்ணே பண்றது? அது ஒண்ணுதான் பிரிக்கிற சாமானோட சேராது. அதான் தனியா எடுத்து வச்சேன்.”

பெரியையா துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வைதான் என்று நம்பச் சொன்னால் நான் நம்பத் தயார்.

“அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?”

“வாக்குக் குடுத்துட்டேண்ணே.”

“யார்ட்ட? இந்தாள்ட்டயா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். ஊரே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். பிறகு அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, “அழகாயி, வடத்தை எடுத்துட்டு வா! டேய் சின்னவனே, மாட்டைப் பூட்டுறா” என்றார்.

கெட்டுப்போன டேட்டா

அதற்குப் பிறகு டெஸ்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் கிணற்றைத்தான் எடுத்து வைத்தார்கள். வேறு படங்களைப் பரப்பினால், “அந்தக் கிணத்துப் படத்தைப் போடுங்க சார், அதுக்குத்தான் வெடை தெரியும்” என்றார்கள்.

புரொபசரின் சந்தேகம் என் பக்கம் திரும்பியது. “கோச்சிங் குடுத்தியா?”

“இல்ல சார். ஏன்னு கேட்டேன்.”

“யாரு கேக்கச் சொன்னா?”

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். போகவில்லை. அந்தச் சம்பளத்துக்கு ‘இங்கிட்டு அங்கிட்டு’ என்று கிராமத்துப் பேச்சுப் பேச வேறு ஆள் கிடைக்கவில்லை போல. ஆனால் விராலிமலைப் பக்கம் அடுத்த ஊருக்குப் போனபோது, விடைத்தாளின் ஓரத்தில் ‘ஏன்’ என்று புதிதாக ஒரு கட்டம் இருந்தது. மனசில்லாமல் போட்ட மாதிரி ரொம்பச் சின்னக் கட்டம். சின்னையாவின் பதில் அதற்குள் அடங்காது.

இப்போது கேள்வித்தாளோடு ஊருக்குள் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தப்பு என்று குறி போடுவதற்கு முன்னால் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எதிரே இருப்பவர் உங்கள் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வீட்டில் வேறு ஒரு கேள்வி ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கும்.

அந்தக் கடலைக் காட்டு ஊரை விட்டுக் கிளம்பிய அன்று பெரியையா ஜீப் பக்கம் வந்தார். வேட்டியில் கமலைத் தண்ணீர் சொட்டியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒங்க மேல சந்தேகம் இல்லீங்க. இருந்தாலும் அந்தக் கிணத்துப் படம் மட்டும் இங்கயே இருக்கட்டும். மெட்ராசுல எந்த ஆபீசுல போய் மாட்டுதோ, யார் கண்டா?”

எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஜீப் ஆலங்குடியைத் தாண்டும்போது புரொபசர் கார்டுகளை அடுக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஒரு கார்டு குறையுதே?”

“ஆமா சார். அது அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொது. தூக்கிட்டு வர முடியலை.”